‘நேரடி ஆக்ஸ்’ என்று சொல்லி எப்.எம். மொடியுலேட்டரைப் பொருத்தும் கடைகள்: மலையகத்தில் பழைய ஜப்பானிய கார் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

காரோடு வந்த ரேடியோ செட்டை மாற்றாமல், அதிலேயே ஐபொட்டையோ வேறொரு சிறிய ப்ளேயரையோ இணைத்துப் பாட்டுக் கேட்க விரும்புகிறவர்கள், கடைக்காரரின் கையில் சாவியைக் கொடுப்பதற்கு முன் இதை வாசித்துவிட வேண்டும். மலையக நகரமொன்றில் கார் ஓடியோ வேலை செய்யும் கடையொன்று, ‘நேரடி ஆக்ஸ்’, அதாவது ப்ளேயரின் ஒலியை வயர் வழியாக நேராகச் செட்டுக்குள் கொடுக்கும் இணைப்பு, பொருத்தித் தருவதாகச் சொல்லி என்னிடம் 18,500 ரூபா வாங்கிக்கொண்டது. அவர்கள் பொருத்தியதோ, ஒலியை வானொலி அலையாக்கிச் செட்டுக்கு அனுப்பும் மலிவான எப்.எம். மொடியுலேட்டர் ஒன்று. அதை டேஷ்போர்டுக்குள் மறைத்துவைப்பதற்காக நல்ல வயர்களை வெட்டி, அதுவரை தெளிவாகக் கேட்டுவந்த உள்ளூர் வானொலியையும் இல்லாமல் செய்து, கடைசியில் பழுது செட்டில்தான் இருக்கிறதென்று கூறிப் புதிய செட் ஒன்றை என் தலையில் கட்டவும் முயன்றார்கள். தலவாக்கலையில் கற்பிக்கும் சக ஆசிரியை ஒருவருக்கும் ஏறத்தாழ இதே அனுபவம் நேர்ந்திருப்பதை அறிந்ததால், இதை என்னோடு வைத்துக்கொள்வது சரியல்ல என்று எழுதுகிறேன்.

என்னுடைய டொயோட்டா கார் 2007 ஆம் ஆண்டு ஜப்பானில் தயாரிக்கப்பட்டு, பாவித்த வாகனமாக இங்கே வந்தது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்ததால், இப்படிப்பட்ட பழைய கார்கள் இன்னமும் நமது வீதிகளில் நிறைய ஓடுகின்றன. அவற்றின் செட்டுகளில் பெரும்பாலும் சீடியும் வானொலியும் மட்டுமே உண்டு. ஆக்ஸ் துளையோ யூ.எஸ்.பி. சொக்கட்டோ முகப்பில் இருப்பதில்லை. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கோ, றம்பொடை வழியாகக் கண்டிக்கோ போகிறவர்களுக்கு, மலைக்குப் பின்னால் திரும்பியதும் வானொலி கரகரத்து மறைவதும், சில இடங்களில் தொலைபேசியின் டேட்டாவும் சேர்ந்து போவதும் தெரிந்ததே. ஆகவே பாட்டுகளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் ஒரு ப்ளேயர் நமது பாதைகளில் ஆடம்பரப் பொருள் அல்ல.

என்னிடம் இருப்பது ஐபொட் கிளாசிக். அந்த வகையின் விற்பனை 2014 இலேயே நின்றுவிட்டது. ஐபொட் என்ற பொருளே 2022 இல் முடிவுக்கு வந்தது. இருந்தும் நான் அதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம், எங்கள் தோட்டத்தில் மாசி மாதத்தில் நடந்த காமன் கூத்துகளை அப்பா பல வருடங்களாகக் கசட்டில் பதிந்துவைத்ததையும், அவற்றைத் தம்பி கணினியில் ஏற்றி அதில் சேர்த்துத் தந்ததையும் நான் பெரிதாக மதிப்பதுதான். பாடிய கூத்து மாஸ்டர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை. தப்பு மேளம் அடங்கும் இடங்களில் மெல்ல எழும் அந்தக் குரல்கள் இரைச்சலில்லாமல் கேட்க வேண்டும் என்பதற்காகவே, எப்.எம். வழியாகப் பாட்டை அனுப்பும் கருவி எதுவும் வேண்டாம் என்பதைக் கடையில் முதல் வார்த்தையாகச் சொன்னேன்.

“எப்.எம். எல்லாம் இல்ல டீச்சர், செட்டுக்குப் பின்னுக்கு இருக்கிற கம்பனி லைன்லயே நேரா குடுத்துருவோம்” என்றார் முதலாளி. எந்த லைன் என்று கேட்டபோது, “அதுக்குன்னே தனி சொக்கட் இருக்கு” என்று பதில் வந்தது. இந்தச் சொற்களை நான் இங்கே குறிப்பதற்குக் காரணம் இருக்கிறது: அவர் சொன்ன அந்தச் சொக்கட் என் செட்டின் பின்புறத்தில் உண்மையிலேயே இருந்தது, அவருக்கு அது தெரிந்தும் இருந்தது, ஆனால் அதை அவர் தொடவே இல்லை. வேலை நடக்கும்போது வாடிக்கையாளர் உள்ளே நிற்கக்கூடாது என்று கூறி என்னைப் பின்னேரம் வரச்சொன்னார்கள். திரும்பி வந்தபோது கியர் லீவருக்குப் பக்கத்தில் ஒரு வயர் நீட்டிக்கொண்டிருந்தது. ஐபொட்டைச் செருகியதும் பாட்டு வந்தது. பணத்தை வாங்கிக்கொண்டு, துண்டுத்தாளில் ‘ஆக்ஸ் வேலை’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது. பாட்டு ஒலிக்கும்போது செட்டின் திரையில் வானொலிக்குரிய மீடிறன் (ஃப்ரீக்வென்சி) எண் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, எஞ்சினின் வேகத்தோடு சேர்ந்து உயரும் மெல்லிய ஊளைச் சத்தம் ஒன்று பின்னணியில் கேட்டது. ஹட்டன் நகரத்துக்குள்ளேயே முன்பு துப்பரவாகக் கேட்ட தமிழ் வானொலிகள் அனைத்தும் மறைந்துபோயின. பாடசாலை விடுமுறையில் ஒரு வாரத்துக்கு மேல் காரை எடுக்காமல் விட்ட பின்னர் ஒரு காலையில் ஸ்டார்ட் செய்தபோது, பற்றரி முற்றாக இறங்கியிருந்தது. குளிரில் பற்றரியின் வலு இயல்பாகவே குறையும் என்பதால், நமது பகுதியில் சிறிய மின்கசிவுகூட இப்படிப் பெரிதாக வெளிப்படும்.

கடையில் போய்க் கேட்டபோது கிடைத்த விளக்கங்கள்தான் எனக்கு மிகுந்த கோபத்தை உண்டாக்கின. வானொலி கேட்காததற்கு, “மலையில சிக்னல் இல்லத்தானே டீச்சர்” என்றார்கள். பிறந்ததிலிருந்து இந்த மலையில் வாழும் ஒருவரிடம், எந்த வளைவில் எது கேட்கும், எது கேட்காது என்று தெரிந்திருக்கும் ஒருவரிடம், அதைச் சொல்வதற்கு அவர்கள் சிறிதும் தயங்கவில்லை. ஊளைச் சத்தத்துக்கு ஐபொட் பழையது என்பதைக் காரணமாக்கினார்கள். பற்றரிக்கு வயது போய்விட்டது என்றார்கள். அதன் பிறகு, செட்டே தேய்ந்துவிட்டதென்றும், 65,000 ரூபாவுக்கு அண்ட்ரொய்ட் செட் ஒன்று போட்டுத் தருவதாகவும், பழையதை அங்கேயே விட்டுவிட்டுப் போகலாமென்றும் கூறினார்கள். நான் மறுத்துவிட்டு, வாகன மின்வேலையில் நீண்டகாலம் பழகிய ஓர் அண்ணனிடம் காரைக் கொண்டுபோனேன். அவர் என் கண்முன்னாலேயே செட்டை வெளியே எடுத்தார்.

உள்ளே இருந்தவற்றை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். ஜப்பானில் எப்.எம். ஒலிபரப்பு நீண்டகாலமாக 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையிலான பகுதியில் நடந்துவந்ததால், அந்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்ட பழைய செட்டுகள் 90 க்கு மேல் பிடிப்பதில்லை. நமது வானொலிகளோ 108 வரை பரந்திருக்கின்றன. ஆகவே இறக்குமதியான கார்களில் அன்டெனா வயருக்கும் செட்டுக்கும் நடுவே, மேலேயுள்ள மீடிறன்களைக் கீழே இறக்கிக் கொடுக்கும் ‘பேண்ட் எக்ஸ்பாண்டர்’ என்ற சிறு பெட்டியைப் பொருத்துவார்கள். எனது காரிலும் அது இருந்தது. கடைக்காரர்கள் அதைக் கழற்றி அகற்றிவிட்டு, அந்த இடத்தில் மொடியுலேட்டரை நுழைத்திருந்தார்கள். மொடியுலேட்டர் என்பது ஐபொட்டின் ஒலியை ஒரு குட்டி வானொலி நிலையத்தைப் போல எப்.எம். அலையாக மாற்றி, அன்டெனா துளை வழியாகச் செட்டுக்குள் அனுப்பும் கருவி. அது இயங்கும்போது வெளி அன்டெனா துண்டிக்கப்பட்டுவிடும். அதன் சுவிட்சையும் வெளியே கொண்டுவராமல் உள்ளேயே விட்டிருந்ததால், அது எப்போதும் இயங்கிக்கொண்டே இருந்தது. மலையில் சிக்னல் இல்லை என்று எனக்குச் சொல்லப்பட்டதன் உண்மை இதுதான்.

மின்சாரம் எடுத்த விதம் இதைவிட மோசமானது. சாவியைத் திருப்பினால் மட்டுமே உயிர் பெறும் வயர் ஒன்றும், எந்நேரமும் பற்றரியோடு தொடர்பிலிருக்கும் வயர் ஒன்றும் செட்டுக்கு வருகின்றன. முதலாவதிலிருந்து எடுத்திருக்க வேண்டிய மின்சாரத்தை இரண்டாவதிலிருந்து எடுத்திருந்தார்கள். அதற்காகச் செட்டுக்கு மின்சாரம் தரும் கம்பனி சொக்கட்டின் வயரைப் பாதியில் வெட்டி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். ஈயம் வைத்துப் பற்றவைக்கவும் இல்லை. ஃபியூஸ் போடவும் இல்லை. முறுக்கிய இணைப்பு சூடேறித் தளர்ந்தால் டேஷ்போர்டுக்குள் தீப்பிடிக்கவும் இடமுண்டு என்று அண்ணன் சொன்னபோது, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கினிகத்தேனைப் பக்கம் இறங்கி வந்த பயணங்களை நினைத்து எனக்கு உடல் நடுங்கியது.

செட்டின் பின்புறத்தில் சீடி சேஞ்சருக்கென்று (பல சீடிகளை மாற்றி மாற்றிப் போடும் கருவிக்கென்று) டொயோட்டா வைத்த சொக்கட் தூசி படிந்து, ஒருமுறைகூடத் தொடப்படாமல் இருந்தது. சேஞ்சர் ஒன்று இணைக்கப்பட்டிருப்பதாகத் தகவல் கிடைத்தால்தான் செட் அந்த உள்ளீட்டைத் திறக்கும். வெறும் வயரைச் செருகினால் சத்தம் வராது. அந்தத் தகவலைத் தந்து செட்டை ஏற்கவைக்கும் சிறு பெட்டிகள் விற்பனையில் உள்ளன. எந்த வயரையும் வெட்டாமல் சொக்கட்டில் செருகினால் போதும், ஒலி எப்.எம். அலையாக மாறாமல் நேரடியாகவே செட்டுக்குள் போகும். எல்லாச் செட்டிலும் இந்தச் சொக்கட் இருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நேர்மையான வேலைக்காரர் அதை இல்லையென்றே சொல்வார், மொடியுலேட்டர்தான் வழியென்றால் அதன் பெயரைச் சொல்லி, அதற்குரிய விலையைக் கேட்பார். மொடியுலேட்டரைப் பொருத்துவது குற்றமல்ல. அதை வேறொன்றாகப் பெயர்சூட்டி விற்பதுதான் ஏமாற்று.

பணம் கொடுக்குமுன் கடையின் வாசலிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஐபொட் பாடும்போது செட்டின் திரையைப் பாருங்கள். எப்.எம். என்ற எழுத்தோ மீடிறன் எண்ணோ தெரிந்தால், கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் அது நேரடி இணைப்பு அல்ல. அடுத்து, உள்ளூர் வானொலி ஒன்றைப் போட்டு, முன்பு கேட்டது போலவே கேட்கிறதா என்று பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு அக்சிலேட்டரை மெல்ல ஏற்றியும் கேளுங்கள். ஊளைச் சத்தம் வந்தால் சிகரெட் லைட்டர் சொக்கட்டிலிருந்து ஐபொட்டின் சார்ஜரைக் கழற்றுங்கள். அப்போது சத்தம் நின்றால், சார்ஜரும் ஒலி வயரும் வெவ்வேறு இடங்களில் ஏர்த் ஆகி (காரின் உடம்போடு இணைந்து), இரைச்சல் புகும் மின்வளையமாகிவிட்டன என்று பொருள். ஒலி வயரின் நடுவே ‘ஐசொலேட்டர்’ என்ற சிறு கருவியைப் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும் குறை அது. அதற்காகச் செட்டை மாற்றச் சொல்கிறவரை நம்ப வேண்டாம். ஐபொட்டின் ஹெட்போன் துளைக்குப் பதிலாக, அடியிலுள்ள அகன்ற 30 பின் சொக்கட்டின் லைன் அவுட்டிலிருந்து ஒலியை எடுக்கும் வயரைக் கேட்டு வாங்கினால், ஒலி ஒரே அளவில், கூடுதல் தெளிவோடு வரும்.

வரைபடம் காட்டும் ஜப்பானிய செட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அவற்றுள் சில, பற்றரியைக் கழற்றியதும் குறியீடு கேட்டுப் பூட்டிக்கொள்ளும். அதனால் செட் செத்துவிடுவதில்லை. குறியீடு கொடுத்தால் திறக்கும். ‘போய்விட்டது’ என்று சொல்லி அதைக் கழற்றி வாங்கிக்கொள்ள முன்வருகிறவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

மொடியுலேட்டரைக் கழற்றி, வெட்டிய வயர்களைப் பற்றவைத்து, ஃபியூஸ் சேர்த்து, பேண்ட் எக்ஸ்பாண்டர் ஒன்றைப் புதிதாகப் போட்டு, சேஞ்சர் சொக்கட்டில் சிறு பெட்டியை இணைத்துத் தர அண்ணன் கேட்ட முழுத்தொகை, அந்தக் கடைக்கு நான் கொடுத்ததைவிடக் குறைவு. இப்போது அப்பாவின் ஒலிப்பதிவுகள் கசட்டின் இயல்பான இரைச்சலைத் தவிர வேறெதுவும் சேராமல் கேட்கின்றன.

கடைக்கு எதிராக நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்திருக்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பொருளைப் பற்றியும் சேவையைப் பற்றியும் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். 1977 என்ற இலக்கத்தில் தொலைபேசியிலும் அவர்களைத் தொடர்புகொள்ளலாம். கழற்றிய மொடியுலேட்டர், டேப் சுற்றிய வயர்த் துண்டு, செட்டை வெளியே எடுத்தபோது பிடித்த படங்கள், அந்தத் துண்டுத்தாள் ஆகியவற்றைச் சான்றாக வைத்திருக்கிறேன். முறைப்பாட்டைக் கேள்விப்பட்டதும் கடைக்காரர் பாதிப் பணத்தைத் தந்துவிடுவதாகவும், மொடியுலேட்டரைத் திருப்பித் தரும்படியும் ஆள் அனுப்பினார். நான் கொடுக்கவில்லை. ‘ஆக்ஸ் வேலை’ என்ற இரண்டு சொற்களுக்குள் எதையும் மறைக்கலாம் என்பதை அனுபவத்தில் கண்டதால், எந்தக் கருவி, செட்டின் எந்தச் சொக்கட்டில், எந்த வயரும் வெட்டப்படாமல் பொருத்தப்பட்டது என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரும்படி எல்லோரும் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. அண்மையில் இந்த வேலையைச் செய்துகொண்டவர்கள், மூன்று மாதம் கடப்பதற்கு முன் தங்கள் செட்டின் திரையில் தெரிவது என்னவென்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.