பளபளக்கும் மூன்று வால்வா, நசுங்கிய நான்கு வால்வா?

பழைய டியூபா (ஆழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பெரிய பித்தளை ஊதுகருவி) வாங்கப் போகிறவருக்கு இப்படி ஒரு சிக்கல் வரலாம். ஒன்று, மெருகு குலையாத, மூன்று பிஸ்டன் வால்வு (மேலும் கீழும் இயங்குவது) கொண்ட, பி-ஃபிளாட் சுருதியிலான டியூபா. இன்னொன்று, அதே சுருதியில் நான்கு ரோட்டரி வால்வு (அச்சில் சுழல்வது) கொண்டது. ஆனால் நிறம் மங்கி, மணிவாயின் விளிம்பு நெளிந்து, அடிவளைவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு விழுந்திருக்கிறது. விலை ஏறக்குறைய ஒன்றுதான். கண் முதலாவதைத்தான் கேட்கும். நான் இரண்டாவதன் பக்கம். அதற்குச் சில சோதனைகளில் அது தேற வேண்டும்.

முதலில் அந்த ஒடுக்கு. அகலமான குழாயில் விழுந்த ஒடுக்கு ஒலியை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. மவுத்பீஸிலிருந்து, அதாவது வாய் வைத்து ஊதும் முனையிலிருந்து, வால்வுக்குப் போகும் ஒடுங்கிய குழாயில் சிறு பள்ளம் இருந்தால்தான் வம்பு. சில ஸ்வரங்கள் நிலைகொள்ளாமல் வழுக்கும். அதே குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பித்தளையிலுள்ள துத்தநாகம் அரித்துப் போய்ச் செம்பு மட்டும் மிஞ்சுவதன் அடையாளம் அது. பளபளப்பான வாத்தியத்துக்கும் இது பொருந்தும். விற்பதற்காகத் தேய்த்து மறுமெருகு பூசியிருந்தால் தகடு மெலிந்திருக்கும். விளிம்புகளும், பொறித்த எழுத்துகளும் மழுங்கியிருப்பதே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது வால்வு. அதை அழுத்தினால் காற்று கூடுதல் குழாய் ஒன்றின் வழியே சுற்றிப் போகும், ஸ்வரம் இறங்கும். இரண்டு வாத்தியங்களுக்கும் பொதுவான சோதனை ஒன்று உண்டு. வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை (அந்தக் கூடுதல் குழாயின் நகரும் பகுதி) கொஞ்சம் வெளியே இழுத்து, சில விநாடி பொறுத்து, பிறகு அழுத்த வேண்டும். 'டப்' என்று ஒலி வந்தால் காற்றுக் கசிவு இல்லை. ஒலியே வராவிட்டால் உள்ளே தேய்மானம். இதில் ஒரு சூது இருக்கிறது: கெட்டியான எண்ணெயை ஊற்றி வைத்தால் தேய்ந்த வால்வும் 'டப்' என்னும். ஆகவே பிஸ்டனை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு, வழக்கமான எண்ணெய் போட்டுச் சோதிப்பதே முறை. துடைக்கும்போதே முலாம் தேய்ந்து அடியுலோகம் எட்டிப் பார்க்கிறதா என்பதும் தெரிந்துவிடும். பிஸ்டனுக்கு மீண்டும் முலாம் பூசி உறைக்குப் பொருத்துவது செலவு பிடிக்கும் வேலை.

ரோட்டரியில் கேட்கும் 'கடகட' ஓசைக்குப் பயப்படத் தேவையில்லை. பெரும்பாலும் இணைப்புகள் தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். பின்மூடியைக் கழற்றினால் அச்சிலும் அதைத் தாங்கும் தகட்டிலும் சிறு கோடுகள் இருக்கும். வால்வை விட்ட நிலையிலும் அழுத்திய நிலையிலும் கோடுகள் நேர்கோட்டில் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் தடுப்புத் தக்கையை மாற்றினால் போதும், சின்னச் செலவு. அச்சே முன்னும் பின்னும் ஆடினால் மட்டும் யோசிக்க வேண்டும்.

இனி ஊதுவது. பழகிய மவுத்பீஸைக் கையோடு கொண்டு போவது நல்லது. ஆனால் அதன் தண்டு எல்லா டியூபாவிலும் சரியாக உட்காராது. பொருந்தாத மவுத்பீஸில் ஊதிவிட்டு வாத்தியத்தைக் குறை சொல்வது அநியாயம். குளிர்ந்த பித்தளையின் சுருதி இறங்கியிருக்கும் என்பதால், நன்றாக ஊதிச் சூடேற்றிய பிறகே டியூனரை (சுருதி காட்டும் கருவி) பார்க்க வேண்டும்.

மூன்று வால்வின் குறை இங்கேதான் வெளிப்படும். மூன்றும் தனித்தனியே துல்லியமாகச் சுருதி சேர்ந்திருந்தால், மூன்றையும் சேர்த்து அழுத்தும்போது ஸ்வரம் 50 சென்ட் அளவுக்கு, அதாவது அரைச்சுரத்தில் பாதி, ஏறிவிடும். மூன்றாவது ஸ்லைடை நீட்டி ஓரளவு சமாளிக்கலாம். முதல் வால்வும் மூன்றாவது வால்வும் சேர்ந்து தரும் எஃப் ஸ்வரம் சரியானாலும், மூன்றும் சேர்ந்து தரும், அதற்கு அடுத்துக் கீழுள்ள ஈ ஸ்வரம் ஏறியே நிற்கும். நான்காவது வால்வு இருந்தால் எஃப் அதிலேயே கிடைக்கும், ஈக்கு இரண்டும் நான்கும். அந்த ஈக்கும் அடியாழ பி-ஃபிளாட்டுக்கும் நடுவே மூன்று வால்வில் ஒழுங்காகக் கிடைக்காத ஸ்வரங்கள் ஐந்து. நான்கு வால்வில் கைநழுவுவது கடைசி பி ஒன்றே. 1835-இல் பெர்லினில் ராணுவ இசைக்குழுத் தலைவர் வீப்ரெக்ட்டும் வாத்தியம் செய்பவரான மோரிட்ஸும் காப்புரிமை பெற்ற பாஸ் டியூபாவிலேயே ஐந்து வால்வுகள் இருந்தன. சும்மா வைக்கவில்லை.

வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது குறையும் குழாய் நீளத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் ஈடுசெய் வால்வு கொண்ட டியூபாவும் உண்டு. சுருதியில் சுத்தம், ஆனால் கனம், விலையும் கூடுதல். இந்தப் போட்டிக்குள் அது வராது.

சிறு பிள்ளை மடியில் வைத்துப் பழகவோ, அணிவகுப்பில் எளிய பகுதி ஊதவோ என்றால் மூன்று வால்வே போதும், எடையும் குறையும். மற்றபடி, ரோட்டரியின் அச்சு உறுதியாக இருந்து, எல்லா ஸ்லைடும் கையால் நகர்ந்து, இளஞ்சிவப்புப் புள்ளி இல்லாவிட்டால், அடிவளைவின் ஒடுக்கைக் காட்டி விலையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டு நசுங்கியதையே வாங்கிவிடலாம். ஒடுக்கை எடுப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எடுக்காமலே விட்டாலும் குடி முழுகாது.