கிரீன் எனர்ஜி காரிடார் ரிவ்யூ: லைன் ஓகே, டைமிங்தான் சொதப்பல் (3.5/5)

கூகுள் மேப்ஸ்ல சப்ஸ்டேஷனுக்கெல்லாம் ஸ்டார் போட்டு வெச்சிருக்காங்க, பாதி "நல்லா காத்து வருது" ரகம்தான். சரி உருப்படியா ஒண்ணு நம்மளும் போடுவோம்னு இதை டைப் பண்றேன். ஒரு சப்ஸ்டேஷனை மட்டும் இல்லைங்க, தெக்கத்தி மாவட்டத்துல இருந்து காத்தாடி கரண்ட்டையும் சோலார் கரண்ட்டையும் வெளிய எடுத்துட்டுப் போற மொத்த ஏற்பாட்டையும் பத்தின ரிவ்யூ இது, அதாவது கிரீன் எனர்ஜி காரிடார் முதல் கட்டம், கூடவே சத்தீஸ்கர்ல இருந்து நம்ம புகலூர்ல வந்து எறங்குற பெரிய ராய்கர் லைனும். கஸ்டமர் யாருன்னு கேட்டா நாம எல்லாரும்தான், டிரான்ஸ்மிஷன் செலவு நம்ம கரண்ட் பில்லுக்குள்ளயே கலந்து வருது, தனியா ஒரு வரி போட்டு காட்டாததால யாருக்கும் உறைக்கிறது இல்ல.

இது எதுக்கு தேவைப்பட்டுச்சுன்னு தெரிஞ்சாதான் மார்க் போட முடியும். தமிழ்நாட்டுல காத்து அடிக்கிறது ஆரல்வாய்மொழி கணவாய், செங்கோட்டை கணவாய், பாலக்காட்டு கணவாய், கம்பம் பள்ளத்தாக்கு இந்த நாலு வழியாதான், அதுவும் மே கடைசில இருந்து செப்டம்பர் வரைக்கும் வெறி பிடிச்ச மாதிரி அடிச்சுட்டு அப்புறம் படுத்துரும். லோடு, அதாவது கரண்ட் தேவை, இருக்கிறதோ சென்னைலயும் கோயம்புத்தூர் திருப்பூர் பக்கமும். 90கள்ல வரிச்சலுகைக்காக 225, 250 கிலோவாட் மெஷினா நட்டு வெச்சாங்க, அப்ப இருந்த 110 கேவி (கிலோவோல்ட்) லைன்லயே ஓட்டிட்டாங்க. அதுக்கப்புறம் மெகாவாட் சைஸ் மெஷினா வந்து குமிய குமிய லைன் அப்படியே இருந்துச்சு. 2012, 2013 வாக்குல நடந்த கூத்து ஞாபகம் இருக்கா, சென்னையைத் தவிர மத்த ஊர்கள்ல பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் கட், அதே வருஷங்கள்ல காத்து சீசன்ல ஓடிட்டு இருக்குற காத்தாடியை நிறுத்துன்னு உத்தரவு, பேக் டவுன்னு சொல்வாங்க. ரெண்டும் ஒரே ஊர்ல, கேக்கவே சிரிப்பா இருக்கும் ஆனா காரணம் சாதாரணம்தான், கரண்ட்டை எடுத்துட்டுப் போக வழி இல்ல. வெளி மாநிலத்துக்கு தள்ளி விடலாம்னா அதுக்கும் வழி கம்மி, ஏன்னா 2013 டிசம்பர் 31ல ராய்ச்சூர் சோலாப்பூர் 765 கேவி லைன் ஓடுற வரைக்கும் தென் மாநில கிரிட், அதாவது மின் கம்பி வலைப்பின்னல், தனித் தீவு மாதிரிதான் இருந்துச்சு, அங்கங்க ரெண்டு மூணு டிசி (நேர் மின்சாரம்) லிங்க் மட்டும்.

இந்த பின்னணியிலதான் காரிடார் வந்துச்சு. 2015ல ஒப்புதல், எட்டு மாநிலத்துக்கும் சேர்த்து 10,141 கோடி ரூபாய், அதுல 40 சதவீதம் மத்திய அரசு மானியம், 40 சதவீதம் ஜெர்மனியோட கேஎஃப்டபிள்யூ பேங்க் கடன், மீதி 20 மாநிலம் போடணும். நம்ம பங்கு ஆயிரத்துச் சொச்சம் சர்க்யூட் கிலோமீட்டர் (ஒரே டவர்ல ரெண்டு சர்க்யூட் போனா ரெண்டா எண்ணுற நீளக் கணக்கு). அதுக்கு முன்னப்பின்ன கயத்தாறு, தேனி பக்கம் தப்புக்குண்டு, உடுமலை பக்கம் ஆனைக்கடவு, ராசிபாளையம்னு காத்து அடிக்கிற இடமாப் பார்த்து 400 கேவி சப்ஸ்டேஷன் எழும்புச்சு. ப்ராடக்டா பார்த்தா குறை சொல்ல முடியாது, டிசைன்ல நாலரை ஸ்டார் கண்ண மூடிட்டு குடுப்பேன், காத்து எங்க இருக்கோ அங்க போய் சப்ஸ்டேஷன் போட்டதே பெரிய விஷயம்.

டெலிவரிலதான் அடி வாங்குது. ஒரு சோலார் பிளான்ட் ஒன்னு ஒன்னரை வருஷத்துல நின்னுரும், காத்தாடியும் அப்படித்தான். 400 கேவி லைன் ஒண்ணு சர்வே, டெண்டர், வழி விடுறது, காடு, ரயில்வே கிராசிங், கோர்ட் கேஸ் எல்லாம் தாண்டி வர நாலஞ்சு வருஷம். அப்ப பிளான்ட் காரன் அப்ளிகேஷன் குடுத்த பிறகு லைனுக்கு பிளான் போட ஆரம்பிச்சா எப்பவுமே லேட்டுதான், இதுக்கு பெரிய இன்ஜினியரிங் மூளை வேண்டாம், வாய்ப்பாடு போதும். கல்யாணத்துக்கு ஆள் எல்லாம் வந்து உக்காந்த பிறகு அரிசி வாங்க ஆள் அனுப்புன கதை.

இந்த இடத்துல போட்டி ப்ராடக்ட் ஒண்ணை சொல்லியே ஆகணும், அமெரிக்காவுல டெக்சாஸ். அங்கயும் இதே வியாதி, காத்து மேற்குல, ஊரு கிழக்குல, 2009ல காத்து கரண்ட்ல 17 சதவீதம் வரைக்கும் எடுக்க ஆளில்லாம வீணாப் போச்சு. அவங்க 2005லயே சட்டம் போட்டு, 2008ல அஞ்சு மண்டலத்தை குறிச்சு, காத்தாடி வருதோ இல்லையோ லைனை நாங்க மொதல்ல போட்டுர்றோம், செலவை அந்த கிரிட்ல இருக்குற எல்லா கஸ்டமரும் பங்கு போட்டுக்கலாம்னு முடிவு பண்ணாங்க. சுமார் 3,600 மைல் 345 கேவி லைன், 18,500 மெகாவாட் எடுத்துட்டுப் போற அளவு, கிட்டத்தட்ட 700 கோடி டாலர், போட்ட எஸ்டிமேட்டை விட ரொம்ப ஜாஸ்தி. அப்ப திட்டுனவங்க நிறைய பேர். 2014 தொடக்கத்துல வேலை முடிஞ்சுது, அந்த வருஷம் வீணாப் போறது அரை சதவீதத்துக்கு வந்துருச்சு. கையில காசை வெச்சுக்கிட்டு டிமாண்ட் வரட்டும்னு காத்திருந்தா இது நடந்திருக்காது. அதுக்காக டெக்சாஸுக்கு அஞ்சு ஸ்டார் குடுக்க மாட்டேன், 2021 பிப்ரவரி குளிர்ல அவங்க பட்ட பாடு தனிக்கதை, பக்கத்து கிரிட்டோட சரியா சேராம தனியா நின்னதும் அதுல ஒரு காரணம்.

பக்கத்து கிரிட்டுன்னதும் நம்ம ராய்கர் புகலூர் லைனுக்கு வரேன், இந்த ரிவ்யூல எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. சத்தீஸ்கர்ல இருந்து சுமார் 1,765 கிலோமீட்டர், பிளஸ் மைனஸ் 800 கேவி டிசி, 6,000 மெகாவாட். அங்க இருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட் தனி டிசி லிங்க் வேற, அதை 2021 பிப்ரவரில பிரதமர் தொடங்கி வெச்சாரு. இதுல அழகு என்னன்னா ரெண்டு பக்கமும் ஓடும். காத்து இல்லாத மாசத்துல வடக்குல இருந்து நிலக்கரி கரண்ட் இங்க வரும், ஆடி மாசம் இங்க வழியுறப்ப அதே கம்பில திருப்பி அனுப்பலாம். சாதாரண ஏசி லைன்ல கரண்ட் தன் இஷ்டத்துக்கு எந்தப் பக்கம் தடை கம்மியோ அந்தப் பக்கம் போகும், டிசில ஆபரேட்டர் சொன்ன அளவு, சொன்ன திசைல போகும். காத்தை நம்பி இருக்குற மாநிலத்துக்கு இந்த மாதிரி ஒரு ஸ்விட்ச் கையில இருக்கிறது சும்மா இல்ல.

ஆனா இதே லைனுக்கு விவசாயிகிட்ட கேட்டா ஒரு ஸ்டார்தான் குடுப்பாங்க, நான் அதை தப்புன்னு சொல்ல மாட்டேன். 2018, 2019ல கொங்கு பக்கம் நடந்த போராட்டம் எல்லாருக்கும் தெரியும், கேரளாவுக்குள்ள ஒரு பகுதியை மண்ணுக்கடில கேபிளா கொண்டு போறீங்க எங்க தோட்டத்துல மட்டும் ஏன் டவருன்னு கேட்டாங்க. 800 கேவில அவ்வளவு தூரத்துக்கு கேபிள் போட முடியாது, அந்த கேரளா துண்டு 320 கேவி, டெக்னிக்கலா பதில் இருக்கு. ஆனா 1885 டெலிகிராப் சட்டத்தை கையில வெச்சுக்கிட்டு தோட்டத்துக்குள்ள எறங்கினா யாருக்கு கோவம் வராது? டவர் நிக்கிற இடத்துக்கு நில மதிப்புல 85 சதவீதம்னு இருந்த வழிகாட்டுதலை 2024 ஜூன்ல 200 சதவீதமா மாத்தினாங்க, கம்பி போற பாதைக்கு 15ல இருந்து 30. இதை பத்து வருஷம் முன்னாடி பண்ணியிருந்தா எத்தனையோ கேஸ் வந்தே இருக்காது, லைனும் சீக்கிரம் முடிஞ்சிருக்கும்னுதான் எனக்கு தோணுது.

இன்னொரு சங்கதி, லைன் வந்துட்டா எல்லாம் சரியாயிரும்னு நினைச்சா அதுவும் இல்ல. சோலார் பிளான்ட்டுகளை இங்க நிறுத்தி வெச்ச விவகாரம் மின்சாரத்துக்கான மேல்முறையீட்டு தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு, 2021 ஆகஸ்ட்ல வந்த தீர்ப்புல கிரிட் பாதுகாப்புக்காக இல்லாம பணக் கணக்குக்காக நிறுத்தினதுக்கு நஷ்டஈடு குடுன்னு சொல்லிட்டாங்க. அதாவது கம்பில இடம் இருந்தாலும் வாங்குறவனுக்கு மனசு இல்லைனா கரண்ட் ஓடாது. பிளானிங் பத்தி பேசுறவங்க இதை ஏனோ சத்தமில்லாம தாண்டிப் போயிர்றாங்க.

இப்ப நடக்கிறது என்னன்னா அதே படம் ராஜஸ்தான்ல ஓடுது. மத்தியானம் சோலார் பொங்குது, லைன் ரெடியாகல, 2025ல ஆயிரக்கணக்கான மெகாவாட்டை நிறுத்தி வெச்சதா செய்தி வந்துட்டே இருந்துச்சு. கம்பில மோதி சாகுற அரிய பறவையான கானமயிலைக் காப்பாத்தணும்னு போட்ட கேஸ்ல லைனை மண்ணுக்கடில போடணும்னு 2021ல உச்ச நீதிமன்றம் சொன்னது, 2024ல அதை மாத்தினது, இதுலயே வருஷம் ஓடிருச்சு. பேப்பர்ல பார்த்தா பிளானுக்கு குறைச்சலே இல்ல, 2022 டிசம்பர்ல 500 ஜிகாவாட் பசுமை கரண்ட்டை எடுத்துட்டுப் போக 2.44 லட்சம் கோடி, 2024 அக்டோபர்ல 2032 வரைக்கும் 9.15 லட்சம் கோடி, 1.91 லட்சம் சர்க்யூட் கிலோமீட்டர், மண்டலத்துக்கு மண்டலம் மாத்திக்கிற திறனை 119 ஜிகாவாட்ல இருந்து 168க்கு கொண்டு போறது. நம்பர் எல்லாம் மலைப்பா இருக்கு. நல்ல விஷயம், இந்த தடவை பிளான்ட்டுக்கு முன்னாடியே இடத்தை குறிச்சு லைன் பிளான் பண்றாங்க, மன்னார் வளைகுடா கடல் காத்தாடிக்கு ஆவரைகுளத்துல பூலிங் ஸ்டேஷன் (பல பிளான்ட் கரண்ட்டை ஒண்ணா சேர்க்கிற சப்ஸ்டேஷன்) வரும்னு இப்பவே எழுதி வெச்சிருக்காங்க. கடல்ல காத்தாடி நிக்குமா இல்ல சப்ஸ்டேஷன் மட்டும் நிக்குமாங்கிறது வேற கேள்வி, ஆனா இந்த ரிஸ்க்கை எடுத்துதான் ஆகணும், எடுக்காம விட்டா என்ன ஆகும்னு 2012ல பார்த்தாச்சு.

சாயங்காலத்துக்கு இந்த காரிடார்கிட்ட பதில் இல்ல, அதுக்கு ஒரு ஸ்டார் குறைச்சிருக்கேன். சூரியன் எறங்கின பிறகு ஃபேன் ஏசி லோடு அப்படியே நிக்கும் சோலார் படுத்துரும், அங்க பேட்டரியும் பம்ப்டு ஸ்டோரேஜும் (தண்ணியை மேல ஏத்தி வெச்சு அப்புறம் எறக்கி கரண்ட் எடுக்கிறது) தான் வேலை செய்யணும். மீதி அரை ஸ்டார் டெலிவரி லேட்டுக்கு.

யாருக்கு ரெகமெண்ட் பண்ணுவேன்னா, பழைய 250 கிலோவாட் மெஷினை கழட்டிட்டு பெருசு போடலாமான்னு யோசிக்கிறவங்க, 2024ல வந்த மாநில ரீபவரிங் பாலிசியை வாங்கிப் படிங்க. அதுக்கும் முன்னாடி உங்க ஃபீடர் (உங்க காத்தாடியை சப்ஸ்டேஷனோட சேர்க்கிற லைன்) எத்தனை மெகாவாட் தாங்கும்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க. சோலாருக்கு நிலம் பார்க்கிறவங்க புரோக்கர் பேச்சை நம்பி அட்வான்ஸ் குடுக்காதீங்க, எந்த பூலிங் சப்ஸ்டேஷன்ல எவ்வளவு இடம் காலின்னு மாநிலங்களுக்கு இடையிலான லைனைப் பாக்குற மத்திய அரசு நிறுவனமான சிடியுஐஎல் வெப்சைட்லயே லிஸ்ட் போடுறாங்க, அதைப் பார்த்துட்டு பத்திரத்துல கை வைங்க.