குளிசை உறையும் துண்டும்

2022 ஓகஸ்ட், நல்லூர்க் கொடியேறின கிழமை ஊருக்குப் போனன். கனடாவில இருந்து போற எல்லாரையும் போல சூட்கேசில பாதி பனடோலும் விற்றமினும். அம்மாவுக்குத் தேவைப்பட்டது ரெண்டுமே இல்லை எண்டது அடுத்த நாள்தான் விளங்கினது.

அம்மாவுக்குப் பிரசரும் சலரோகமும். அரச ஆஸ்பத்திரியில கிளினிக். பெற்றோல் தட்டுப்பாட்டில கியூஆர் கோட்டுக்கு அளந்து கிடைச்ச பெற்றோலில கொஞ்சத்தைக் கிளினிக் நாளுக்கெண்டே தம்பி மிச்சம் பிடிச்சு வைச்சிருந்தான். விடிய அஞ்சரைக்கு நம்பர் எடுத்தம். டொக்டர் பிள்ளை ஆறுதலாத்தான் பாத்தா, அதில குறையில்லை. சிக்கல் மருந்து குடுக்கிற யன்னலில. முந்தி ஒரு மாதக் குளிசையையும் கடதாசி உறையளில போட்டு, காலை ஒண்டு, இரவு ஒண்டு எண்டு எழுதித் தருவினம். இந்த முறை சலரோகத்துக்கான மெற்போமின் மட்டும், அதுவும் ரெண்டு கிழமைக்கு. பிரசருக்கான லொசாட்டனுக்கும் கொலஸ்ட்ரோல் குளிசைக்கும் வெளியில வாங்கச் சொல்லித் துண்டு.

"வெளியில எடுங்கோ அம்மா, எங்களுக்கு வரேல்லை." சொன்ன பிள்ளை நிமிந்து பாக்கேல்லை. விடியத்தொடக்கம் அதையே சொல்லிக் களைச்சிருப்பா.

நாட்டில டொலர் தட்டுப்பாடு. மார்ச் தொடக்கத்தில 200 ரூபாயா இருந்த டொலர் மே மாதம் 360. மருந்தில பெரும்பங்கு இறக்குமதி. ஏப்ரல் கடைசியில அரசாங்கமே 60 மருந்தின்ர உச்ச விலையை 40 வீதம் கூட்டினது. மருந்தை மலிவா வாங்கவெண்டு மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே 1971இல கட்டியெழுப்பின அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும் டொலர் இல்லாமல் என்னத்தை வாங்கிறது? கனடா ஒன்ராறியோவில டொக்டரைப் பாக்கிறது இலவசம், மருந்துக்குத்தான் காசு; எங்கட ஊரில ரெண்டும் இலவசம் எண்டு வேலையிடத்தில பெருமையடிச்சுத் திரிஞ்சவன் நான்.

பார்மசியில எனக்கு முன்னால ஒரு ஐயா நிண்டார்.

"எத்தினை நாளைக்கு?"

"மூண்டு நாளைக்குத் தாங்கோ தம்பி."

கடைக்காரத் தம்பி கத்தரிக்கோலால ரெண்டு குளிசை அட்டையிலையும் மும்மூண்டு வெட்டினான். ஐயா காசை ரெண்டுதரம் எண்ணினார். "பிரசருக்கு மட்டும் போதும்." கொலஸ்ட்ரோல் குளிசை மூண்டும் மேசையில கிடந்தது. நான் பேர்சை எடுக்கமுதல் ஆள் சைக்கிளில ஏறிட்டார்.

நான் மூண்டு மாதத்துக்குக் கேட்டன்.

"ஒரு மாதத்துக்கு மேல தரமாட்டன் அண்ணை, பின்னால நிக்கிற ஆக்களுக்கும் வேணும்."

சொல்லிக்கொண்டே மேசையில கிடந்த அந்த மூண்டிலயிருந்துதான் அம்மாவின்ர குளிசையை எண்ணத் தொடங்கினான்.