நண்பர்களோடு ஒரு நாள் பட்டறைச் சுற்று: சுவாமிமலையா, நாச்சியார்கோயிலா?

வெளியூர் நண்பர்கள் கும்பகோணம் வந்தால் கோயில் கோயிலாகச் சுற்றுவதுதான் வழக்கம். இந்த முறை பட்டறை பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். கும்பகோணத்திலிருந்து எட்டு, பத்து கிலோமீட்டருக்குள் மூன்று ஊர்கள் உண்டு. சிலைக்கு சுவாமிமலை, குத்துவிளக்குக்கு நாச்சியார்கோயில், பட்டுக்குத் திருபுவனம். மூன்றையும் ஒரே நாளில் காட்டிவிடுகிறேன் என்று வேன்காரர் சொல்வார். காட்டவும் காட்டுவார், ஆனால் நீங்கள் பார்த்திருப்பது மூன்று ஷோரூம்களாகத்தான் இருக்கும். ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்து அங்கேயே உட்காருவது நல்லது. நாங்கள் நாச்சியார்கோயிலைத் தேர்ந்தெடுத்தோம். கூட்டமாகப் போகிற யாருக்கும் அதையே சொல்வேன்.

பஸ், சாப்பாடு, காபி எல்லாம் மூன்றுக்கும் ஒன்றுதான். அதை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

பெயர் பெற்றது சுவாமிமலைதான், அதில் சந்தேகமே இல்லை. தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, அதை மடித்து மடித்துத் தாள அளவு, அதாவது உடலின் உறுப்புகளுக்கு உரிய விகித அளவு, எடுக்கிறார்கள். முகம் எவ்வளவு, மார்பு எவ்வளவு என்பதெல்லாம் அந்த ஓலை மடிப்பில் அடங்கிவிடுகிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, கம்பி கட்டிச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். பிறகு மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அதனால் ஒரு அச்சில் ஒரு சிலைதான். உளி வேலை அதற்கப்புறம் ஆரம்பித்து, நாள்கணக்கில், பெரிய சிலை என்றால் மாதக்கணக்கில் போகும்.

சிக்கலே அங்கேதான் இருக்கிறது. நீங்கள் போகும் நாளில் ஒருவர் மெழுகில் விரல் செதுக்கிக்கொண்டிருப்பார், இன்னொருவர் எப்போதோ வார்த்த நடராஜரை அரத்தால் ராவிக்கொண்டிருப்பார். இரண்டுக்கும் நடுவில் நடந்ததை வாயால் சொல்லித்தான் கேட்க வேண்டும். மெழுகு வேலை நடக்கும் இடத்தில் இரண்டு பேர் குனிந்து பார்த்தாலே வெளிச்சம் மறைந்துவிடும். ஏழெட்டுப் பேர் போனால் பாதிப் பேர் வாசலில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

நாச்சியார்கோயிலில் அந்தக் குறை இல்லை. விளக்கை மண் நிரப்பிய பெட்டியில் வார்க்கிறார்கள். பாதம், தண்டு, தட்டு, மேலே அன்னம் என்று பகுதி பகுதியாக வார்த்து, மரை (திருகுப் புரி) போட்டுத் திருகிச் சேர்ப்பார்கள். காலையில் மண்ணைப் பெட்டியில் இடித்து நிரப்புவதிலிருந்து பார்க்கலாம். ஈரம் சரியா என்று பார்க்க பட்டறைப் பெரியவர் ஒருவர் ஒரு பிடி எடுத்து அழுத்தி உள்ளங்கையைத் திறந்து காட்டினார். பிடிகொழுக்கட்டை மாதிரி ஐந்து விரல் தடமும் அப்படியே நின்றது. "ஈரம் கூடிட்டா உள்ள ஆவி பொங்கிடும் தம்பி, கொறஞ்சா அச்சு உதிர்ந்துடும்" என்றார். மாதிரியை அழுத்தி எடுத்து, இரண்டு பெட்டிகளையும் சேர்த்து, மூசையில், அதாவது உலோகம் உருக்கும் கலத்தில், உருகிய பித்தளையை ஊற்றினார்கள். ஆறியதும் பெட்டியைப் பிரித்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து கரி அப்பிய தட்டு ஒன்று வந்தது. அடுத்து, வார்த்ததைச் சுழலவிட்டுச் சீவும் கடைசல் பட்டறை. சுழலும் தட்டின் மேல் உளி பட்டதும் கறுப்பு உரிந்து மஞ்சள் பளிச்சென்று தெரிந்த நொடியில் எங்கள் கூட்டத்தில் பேச்சே இல்லை. சீவிய தூளைக் கூட்டி அள்ளி மறுபடி மூசைக்கே அனுப்புகிறார்கள்.

ஆக, மண்ணில் தொடங்கி மினுமினுப்பில் முடிகிற வேலை முழுவதையும் ஒரே நாளில் கண்ணால் பார்த்துவிடலாம். என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் கணக்கு. நடுவில் நேரம் கிடைத்தால் பெருமாள் கோயிலுக்குப் போய்க் கல் கருடனையும் சேவித்து வரலாம்.

வாங்குவதிலும் நாச்சியார்கோயில் சுலபம். விளக்குக்கு எடைதான் விலை, அதனால் சின்னதாக ஒன்றாவது எல்லோரும் வாங்க முடியும். வாங்கும்போது பாகங்களைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். மரை இறுக்கமாக உட்கார வேண்டும், தரையில் வைத்தால் பாதம் ஆடக் கூடாது. சுவாமிமலையில் நல்ல சிலை என்றால் யோசித்து, பணம் சேர்த்து வாங்க வேண்டும். வெளிநாட்டுக்கு எடுத்துப்போகிறவர்கள் அது பழம்பொருள் அல்ல என்று தொல்லியல் துறைச் சான்றும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

திருபுவனத்தில் நான் தறி பார்த்தது கொஞ்ச நேரம்தான், அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். தறிகள் வீடுகளுக்குள் இருக்கின்றன. கூட்டமாக ஒரு வீட்டுக்குள் நுழைய எனக்கே கூச்சமாக இருந்தது. கல்யாணப் புடவை எடுக்கும் வேலை இருந்தால் அந்த ஊருக்குத் தனியாக ஒரு நாள் கொடுக்கலாம்.

இரண்டு மூன்று பேராக, அதிலும் படம் வரைகிறவர் ஒருவர் கூட இருந்தால், சுவாமிமலைக்கே போங்கள். அந்த ஓலை மடிப்பை மட்டுமே ஒரு காலை முழுக்கப் பார்க்கலாம். வழியில் தாராசுரமும் இருக்கிறது.

எந்த ஊரானாலும் முதல் நாளே போன் போட்டு, "நாளைக்கு வார்ப்பு இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். மூசை தினமும் அடுப்பேறாது. கார்த்திகைக்கு முந்தைய வாரங்களில் விளக்குப் பட்டறைகளில் ஆர்டர் நெருக்கும், அப்போது போய் அவர்கள் கையைக் கட்ட வேண்டாம். பருத்திச் சட்டை, காலை மூடும் செருப்பு போதும். சித்திரை வெயிலில் மட்டும் வேண்டவே வேண்டாம்.