பைப்புக்குள் எத்தனை ஒயர்? ஃபோன் ஆப்பும் அட்டவணையும் வெர்னியரும்

பெங்களூரு அல்சூரில் பத்தொன்பது வருஷமாக ஒயரிங் வேலை எடுத்துச் செய்கிறேன். 20 எம்.எம். பைப்பில் எத்தனை ஒயர் போகும், 25-ல் எத்தனை என்பதெல்லாம் கை சொல்லும் கணக்கு என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். "பைப்புல பாதிக்கு மேல காத்து இருக்கணும்டா" என்பார் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி. அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே விதி. இரண்டு வருஷம் முன்னால் ஃபோனில் ஒரு இலவச ஆப் போட்டேன். பைப் அளவு, ஒயர் அளவு, எண்ணிக்கை கொடுத்தால் எத்தனை சதவீதம் நிரம்புகிறது என்று காட்டும். 40-க்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு.

அந்தப் பச்சையை நம்பி ராமமூர்த்தி நகரில் ஒரு வீட்டில் மாட்டிக்கொண்டேன். கீழே மீட்டர் போர்டிலிருந்து முதல் மாடி டிபி (கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வரைக்கும் 16 ஸ்கொயர், அதாவது செம்பின் குறுக்குப் பரப்பு 16 சதுர எம்.எம். உள்ள ஒயர் மூன்று: பேஸ், நியூட்ரல், எர்த். சுவருக்குள் 25 எம்.எம். பிவிசி பைப், வழியில் மூன்று வளைவு. ஆப் உள்விட்டம் கேட்டது, நான் 25 என்று போட்டேன். 25 சதவீதம்தான், பச்சை. ஒயரை இழுத்தால் முதல் வளைவு தாண்டியது, இரண்டாவதில் நின்றுவிட்டது. "அண்ணே, நகரவே இல்ல" என்றான் மேலே இருந்து இழுத்த தர்மபுரிப் பையன். பவுடர் போட்டோம், இரண்டு பேர் சேர்ந்து இழுத்தோம். வெளியே எடுத்துப் பார்த்தால் ஒயரின் மேல்தோல் உரிந்து செம்பு தெரிகிறது. பூசி முடித்த சுவரை எட்டடிக்கு மறுபடியும் வெட்டினோம். வீட்டுக்காரம்மா கேஜிஎஃப்பில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். "தம்பி, இடம் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டார். பூச்சுச் செலவு என்னுடையதுதான்.

அன்றைக்குச் சாயங்காலமே எஸ்.பி. ரோட்டில் விட்டத்தை நுணுக்கமாக அளக்கும் ஒரு டிஜிட்டல் வெர்னியர் வாங்கினேன். ஆயிரத்துக்குள்தான் ஆனது. அதே பைப்பின் துண்டை அளந்தால் உள்விட்டம் 21.4 எம்.எம். நம் ஊர் பைப்பில் 25 என்பது வெளிவிட்டம். லைட், மீடியம், ஹெவி எல்லாவற்றுக்கும் வெளியே ஒரே அளவு, சுவர் தடிக்கத் தடிக்க உள்ளே சுருங்கும். ஒயர் தோலோடு சேர்த்து 7.2. இப்போது கணக்கு: ஒயர் விட்டத்தைப் பைப்பின் உள்விட்டத்தால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, ஒயர் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 34 சதவீதம் வந்தது. சாதாரண கால்குலேட்டரே போதும்.

ஆனால் 34-ம் பச்சைதானே? இதுதான் எனக்குத் தூக்கம் கெடுத்த கேள்வி. பதில் அமெரிக்க மின்விதித் தொகுப்பின் ஒன்பதாம் அத்தியாயத்தில், சதவீத அட்டவணைக்குக் கீழே குறிப்பாகவே இருக்கிறது. மூன்று ஒயர் இழுக்கும்போது, பைப்பின் உள்விட்டம் ஒயரின் விட்டத்தைப் போல 2.8 முதல் 3.2 மடங்குக்குள் இருந்தால் ஒயர் இறுகிக்கொள்ளலாம். என் கணக்கு 2.97. வளைத்த இடத்தில் பைப் கொஞ்சம் தட்டையாகும், மூன்று ஒயரும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் படுத்துவிடும். மூன்று 7.2 சேர்ந்தால் 21.6, பைப்போ 21.4. ஆப்பு அடித்த மாதிரி நிற்கிறது. அந்த ஆப் சதவீதத்தை அமெரிக்க அட்டவணையிலிருந்து எடுத்திருக்கிறது, அதற்குக் கீழே இருக்கும் இந்தக் குறிப்பை விட்டுவிட்டது. எனக்கு இன்னும் கோபம் அதில்தான்.

அந்த அட்டவணை ஒரு ஒயருக்கு 53, இரண்டுக்கு 31, அதற்கு மேல் 40 சதவீதம் என்கிறது. இந்த 40-ஐ நிரப்ப வேண்டிய இலக்கு மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே 21.4 பைப்பில் 3.6 விட்டமுள்ள 2.5 ஸ்கொயர் ஒயர் பதினாலு போகும் என்று கணக்கு சொல்லும். இரண்டு வளைவு இருக்கிற பைப்பில் பதினாலு இழுத்துக் காட்டச் சொல்லுங்கள் பார்க்கலாம். நான் எட்டோடு நிறுத்துவேன். அதோடு ஒயர் அதிகமானால் சூடும் அதிகமாகும். கரண்ட் ஓடும் ஒயர் ஏழு முதல் ஒன்பது வரை ஒரே பைப்பில் இருந்தால், தாங்கும் ஆம்பியரை 70 சதவீதமாகக் குறைக்கச் சொல்கிறது அதே தொகுப்பு. அதை ஆப் வேறொரு பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறது.

இன்னொரு குறை, ஆப்பின் பட்டியலில் இருப்பதெல்லாம் அமெரிக்க ஒயர் நம்பர்கள். அவர்களுடைய 14-ம் நம்பர் 2.08 ஸ்கொயர், 12-ம் நம்பர் 3.31. நம்முடைய 2.5 இரண்டிலும் சேராது. விட்டத்தை நாமே போடும் வசதி இருக்கிற ஆப் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். பல அளவு ஒயர் ஒரே பைப்பில் கலந்து போகும் பெரிய வேலைக்கு நேரம் மிச்சமாகும். அந்த வசதி இல்லையென்றால் அழித்துவிடுங்கள்.

ஒயரிங்குக்கான நம் இந்தியத் தரவிதி ஐ.எஸ். 732-ல் இருக்கும் அட்டவணை எனக்கு இதைவிட மரியாதைக்குரியதாகப் படுகிறது. ஒவ்வொரு பைப்புக்கும் எத்தனை ஒயர் போகலாம் என்று அதில் இரண்டு எண். ஒயரை இழுத்து எடுக்கும் பாக்ஸுக்குப் பாக்ஸ் 4.25 மீட்டருக்குள், 15 டிகிரிக்கு மேல் வளையாமல் போனால் ஒன்று; அதற்கு மேல் வளைந்தால் அதைவிடக் குறைந்த இன்னொன்று. ஒயர் இழுத்துப் பழகியவர்கள் உட்கார்ந்து எழுதியது என்று படித்தவுடன் தெரிகிறது. லேமினேட் செய்து டூல் பாக்ஸ் மூடியில் ஒட்டியிருக்கிறேன்.

ராமமூர்த்தி நகரில் 32 பைப் போட்டோம். உள்விட்டம் 28, ஒயரைப் போல 3.9 மடங்கு. பையன் ஒற்றைக் கையால் இழுத்தான்.

இப்போது பைப் கட்டு வந்து இறங்கியதும் நாலு விரல் அளவு துண்டு வெட்டி, குறுக்கே இரண்டு திசையிலும் அளந்து, சின்ன எண்ணை மார்க்கரால் அதன் மேலேயே எழுதிவிடுகிறேன். போன வாரம் ஹொரமாவு வேலைக்கு வந்த 25 ஹெவி பைப் 20.8 காட்டியது. இழுக்க வேண்டியது 6.3 விட்டத்தில் மூன்று 10 ஸ்கொயர் ஒயர். 3.3 மடங்கு, மயிரிழையில் தப்பும். வளைவு நாலு இருந்தது. கடைக்கு ஃபோன் போட்டு 32 ஆக மாற்றி அனுப்பச் சொல்லிவிட்டேன்.