உங்கள் பெயரில் உள்ள டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

என் புனைபெயரில் இருக்கும் டாட் காம் முகவரியை யாரும் திறக்க வேண்டாம். அங்கிருந்து மின்னஞ்சல் வந்தால் பதில் போடாதீர்கள். பணம் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஏழு மாதமாக அது நானில்லை.

மொழிபெயர்ப்புதான் என் தொழில். வீட்டில் வைத்த பெயர் வேறு, புத்தகங்களில் வரும் பெயர் வேறு. என்னைத் தேடி வருகிற எல்லோருக்கும் தெரிந்தது இரண்டாவது பெயர்தான். அந்தப் பெயரிலேயே ஒரு தளம் வேண்டுமென்று வெப்சைட் செய்து தரும் ஒரு சின்ன நிறுவனத்திடம் போனேன். தளத்தின் முகவரியான டொமைன், தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் ஹோஸ்டிங், மெயில் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். "டொமைனை என் பேர்லதானே வாங்குவீங்க?" என்று கேட்டேன். "உங்க பேருதானே மேடம் அது, வேற யாருக்கு வாங்கப்போறோம்?" என்றார். நான் கேட்டது ஒன்று, அவர் பதில் சொன்னது வேறொன்றுக்கு. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

டொமைன் பெயரை யாரும் சொந்தமாக வாங்குவதில்லை. ஓர் ஆண்டு முதல் அதிகபட்சம் பத்து ஆண்டு வரை பதிவு செய்து வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். அந்தப் பதிவில் 'ரெஜிஸ்ட்ரன்ட்' என்று ஓர் இடம் இருக்கும். அங்கே யார் பெயரும் மெயிலும் இருக்கிறதோ அவர்தான் உரிமைக்காரர். முகவரி உங்கள் பெயரா, காசு கொடுத்தது நீங்களா என்பதெல்லாம் அங்கே செல்லாது. என் டொமைனில் அந்த இடத்தில் இருந்தது அந்த நிறுவனத்தின் பெயரும் அவர்களுடைய மெயிலும்.

கடைசியாகப் புதுப்பிக்கும்போது ஐந்து வருடத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட்டேன். ரசீதில் 'ஐந்து ஆண்டு' என்று தெளிவாக இருக்கிறது. அவர்கள் பதிவு செய்தது ஒரு வருடத்துக்கு. அடுத்த வருடம் இன்னொரு வருடம் நீட்டினார்கள். மூன்றாவது வருடம் அதையும் செய்யவில்லை. மிச்சப் பணம் அவர்கள் கையிலேயே நின்றுவிட்டது.

டொமைன்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதிப்படி, காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் ரெஜிஸ்ட்ரார், அதாவது டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனம், நினைவூட்டல் அனுப்ப வேண்டும். முடிந்த ஐந்து நாளுக்குள் இன்னொன்றும் போக வேண்டும். என் விஷயத்தில் அவை அத்தனையும் போயிருக்க வேண்டிய இடம் அவர்களுடைய மெயில் பெட்டி. எனக்கு ஒன்றுகூட வரவில்லை.

ஒரு நாள் மெயில் வரவில்லை. மறுநாளும் இல்லை. தளத்தைத் திறந்தால் வெறும் விளம்பரப் பக்கம். போன் போட்டேன். "சர்வர் மெயின்டனன்ஸ் மேடம், ரெண்டு நாள்ல சரியாயிடும்." அடுத்த வாரமும் அதே பதில். பிறகு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். நாள் கடக்கக் கடக்க என்ன ஆகிக்கொண்டிருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. டாட் காம் முகவரி காலாவதியானதும் உடனே கைவிட்டுப் போய்விடாது. ரெஜிஸ்ட்ரார் சில வாரம் வைத்திருப்பார்கள். அவர்கள் நீக்கிய பிறகும் 'ரிடெம்ப்ஷன்' என்று 30 நாள் உண்டு, கூடுதல் கட்டணம் கட்டி மீட்டுவிடலாம். அதுவும் போனால் ஐந்து நாளில் பொதுவெளிக்கு வந்துவிடும். ஆனால் மீட்கச் சொல்லும் உரிமை பதிவில் இருப்பவருக்குத்தான். நான் நேராக ரெஜிஸ்ட்ராரிடம் போய், ஐந்து வருட ரசீதைக் காட்டிக் கெஞ்சினேன். "எங்கள் பதிவில் வாடிக்கையாளர் நீங்கள் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவர்கள் விதிப்படி அது சரியான பதில்தான். அன்று இரவு நான் தூங்கவில்லை.

பழைய பெயர்கள் விழுந்த கணமே பிடித்துக்கொள்வதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பல வருடமாக மற்ற தளங்கள் கொடுத்து வைத்த இணைப்புகள் அந்தப் பெயருக்கு இருக்கும், அவற்றுக்காகவே வாங்குவார்கள். என் பெயரைத் திறந்தால் இப்போது சூதாட்டத் தளம் வருகிறது. மேலே பெரிய எழுத்தில் என் பெயர், அதன் கீழே சீட்டுக்கட்டுப் படம்.

அதைவிட மோசம் மெயில். டொமைன் யாரிடம் போகிறதோ, அந்த முகவரிக்கு வரும் கடிதமெல்லாம் அவர்களிடம் போகும். எதற்கெல்லாம் அந்த மெயிலைக் கொடுத்து வைத்திருந்தேன் என்று நினைத்துப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. நான்கு இரவு உட்கார்ந்து ஒவ்வொரு கணக்காக மாற்றினேன். ஒரு சமூக ஊடகக் கணக்கு விட்டுப்போயிற்று. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' என்று அழுத்தினால் போதும், ரீசெட் இணைப்பு அவர்கள் கைக்கே போய்விடும். போனது. என் படம், என் பெயர், என் பழைய பதிவுகளோடு அந்தக் கணக்கு என் வாசகர்களிடம் மருத்துவச் செலவுக்கு உதவி கேட்டது. என் முதல் புத்தகத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர் பணம் அனுப்பியிருக்கிறார். "இப்ப உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று அவர் போனில் கேட்டபோதுதான் எனக்கே தெரியும். இதற்கு மட்டும் நான் யாரையும் மன்னிக்கப் போவதில்லை.

கணக்கை மீட்க அந்தச் சமூக ஊடக நிறுவனத்தார் அடையாள அட்டை கேட்டார்கள். அட்டையில் இருப்பது வீட்டுப் பெயர். பெயர் பொருந்தவில்லை என்று மூன்று முறை நிராகரித்தார்கள். இந்தச் சிக்கல் பெரிய எழுத்தாளர்களையும் விட்டதில்லை. 2011-ல் வேறொரு நிறுவனமான ஃபேஸ்புக், சல்மான் ருஷ்டியின் கணக்கை முடக்கி, கடவுச்சீட்டு நகலைப் பார்த்துவிட்டு, அதிலிருந்த முதல் பெயரான 'அகமது' என்று மாற்றியது. ட்விட்டரில் அவர் கொதித்த பிறகே 'சல்மான்' திரும்பி வந்தது. நாம் கொதித்தால் கேட்க யாருமில்லை.

சட்டத்தில் வழி இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேட்டேன். டொமைன் தகராறுகளைத் தீர்க்க 1999 முதல் யுடிஆர்பி என்றொரு நடைமுறை இருக்கிறது. உலக அறிவுசார் சொத்து அமைப்பு போன்ற இடங்களில் முறையிடலாம். ஒரே நடுவர் என்றாலே அங்கே கட்டணம் 1,500 டாலர். அதுவும் பெயரைப் பெயர் என்பதற்காகக் காப்பாற்றித் தர மாட்டார்கள். அந்தப் பெயர் வர்த்தகக் குறியாக நிலைபெற்றது, எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார் என்று மூன்றையும் நாம்தான் நிரூபிக்க வேண்டும். 2000-ல் நடிகை ஜூலியா ராபர்ட்ஸ் தன் பெயரை இப்படி மீட்டார். அதே ஆண்டு பாடகர் ஸ்டிங் தோற்றார், அது அகராதியில் இருக்கும் சாதாரணச் சொல் என்றார்கள். அடுத்த ஆண்டு புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், பிறந்த பெயரையே வைத்துப் பாடுகிறவர், அவரும் தோற்றார். என் வழக்குக்காகப் பழைய புத்தகங்களையும் ஒப்பந்தங்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பெயரிலோ தொழிலின் பெயரிலோ யாரிடமாவது டொமைன் வாங்கச் சொல்லியிருந்தால் இன்றைக்கே பாருங்கள். ஐகான் நடத்தும் லுக்கப் பக்கத்தில் முகவரியைத் தட்டினால் காலாவதித் தேதி தெரியும். உங்கள் ரசீதில் உள்ள வருடத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ரெஜிஸ்ட்ரன்ட் பெயர் அங்கே பெரும்பாலும் மறைத்திருக்கும். 2018-ல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு அப்படித்தான். அதனால் ரெஜிஸ்ட்ரார் கணக்கின் லாகினையே கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அங்கேயே புரிந்துகொள்ளுங்கள். அந்தக் கணக்குக்குக் கொடுக்கும் மெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது, டொமைன் விழுந்தால் அதுவும் சேர்ந்து விழும். பழைய டொமைனை வேண்டாமென்று விடுவதாக இருந்தாலும், அந்த மெயிலைக் கொடுத்த எல்லா இடத்திலும் மாற்றிவிட்டுத்தான் விட வேண்டும்.

என் மூன்று புத்தகங்களின் பின்னட்டையில் அந்த முகவரி அச்சாகியிருக்கிறது. விற்றுப்போன பிரதிகளை ஒன்றும் செய்ய முடியாது. வீட்டில் மிச்சமிருக்கும் பிரதிகளில் வெள்ளைத் தாளைப் பட்டையாக வெட்டி, ஒவ்வொன்றாக அந்த வரியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.