சங்கத் தரத்துக்கு மாறும் ஊழியரை எந்தப் படியில் அமர்த்துவது?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்பேட்டைகளில் ஒப்பந்த அடிப்படையில் இருந்தவர் நிரந்தர ஊழியராகி, தொழிற்சங்கம் பிரதிநிதிக்கும் வேலைத் தரத்துக்குள் வரும்போது, அவரை அந்தத் தரத்தின் சம்பள அளவீட்டில், அதாவது தொடக்கச் சம்பளத்திலிருந்து உச்சம் வரை ஆண்டு உயர்வு ஒவ்வொன்றும் ஒரு படியாக அமைந்த வரிசையில், எந்தப் படியில் அமர்த்துவது என்பதைச் சங்கமும் நிர்வாகமும் செய்துகொள்ளும் பல கூட்டு ஒப்பந்தங்கள் தெளிவாகச் சொல்வதில்லை. பதவி உயர்வும் இடமாற்றமும் நிர்வாகத்தின் உரிமை என்று 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 13ஆவது பிரிவு ஒதுக்கிவைத்திருக்கிறது. ஆனால் மாறியவருக்கு என்ன சம்பளம் என்பது பேச்சுவார்த்தை மேசைக்குரியது. தொழிலியல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட கூட்டு ஒப்பந்தம் பின்னர் வேலைக்குச் சேர்பவர்களையும் கட்டுப்படுத்தும் என்று அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு கூறுவதால், எழுதாமல் விட்ட ஒரு வரியின் பாதிப்பு நீண்டகாலம் தொடரும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். அளவீடு 1,800 ரிங்கிட்டில் தொடங்கி 3,240இல் முடிகிறது. ஆண்டு உயர்வு 80 ரிங்கிட். மாறி வருபவர் ஏழு ஆண்டுகளாக அதே உற்பத்தி வரிசையில் வேலை செய்து 2,150 ரிங்கிட் வாங்குகிறார்.

முதல் வழி, எல்லாரையும் 1,800இல் தொடங்குவது. நிர்வாகத்துக்கு இது எளிது, ஊழியருக்கோ அடிப்படைச் சம்பளத்தில் 350 ரிங்கிட் இழப்பு. சட்டப்படி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, நாளுக்கு எட்டு மணி நேரமென்று கணக்கிட்டால், ஒன்றரை மடங்கு ஊதியம் தரப்படும் சாதாரண நாளின் மிகைநேர வேலையில் ஒவ்வொரு மணிக்கும் ஏறத்தாழ 2 ரிங்கிட் 50 சென் குறையும். முதலாளி ஊழியர் சேமநிதிக்குச் செலுத்தும் 13 விழுக்காட்டிலும் மாதம் சுமார் 45 ரிங்கிட் போய்விடும். அதே இயந்திரத்தில் அதே வேலையைத் தொடர்பவரிடம் இதை நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது வழி, தற்போதைய சம்பளத்துக்கு அடுத்த மேல்படியில் அமர்த்துவது. இவருக்கு அது 2,200. யாருக்கும் சம்பளம் குறையாது, சர்ச்சைக்கும் இடமில்லை. இருந்தாலும் முன்பு குறைவாகக் கொடுக்கப்பட்ட சம்பளத்தை இது அப்படியே நிலைப்படுத்திவிடுகிறது.

மூன்றாவது வழி, சேவை ஆண்டுகளைப் படிகளாகக் கணக்கிடுவது. ஏழு ஆண்டுக்கு ஏழு படி, ஆக 2,360. அனுபவத்தை மதிக்கும் முறை இதுவே. ஆனால் 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தபோது, அளவீட்டின் அடிப்பகுதியில் இருந்த பழைய உறுப்பினர்களுக்கும் புதியவர்களுக்கும் இடையிலான இடைவெளி பல இடங்களில் சுருங்கிவிட்டது. அந்த நிலையில், புதிதாக வருபவர் நேராக மேல்படிக்குப் போனால், சங்கத்துக்குள்ளேயே மனக்கசப்பு எழும். பழையவர்களின் படிகளையும் சேர்த்துச் சீரமைக்காமல் இந்த வழியைக் கேட்பது சங்கத்துக்கு நல்லதல்ல.

மறுசீரமைப்பில் 3,600 ரிங்கிட் வாங்கும் நிர்வாக ஊழியர் இதே தரத்துக்கு இறங்கி வந்தால், மேற்கண்ட எந்த வழியும் பொருந்தாது, ஏனெனில் அவருடைய சம்பளம் அளவீட்டின் உச்சத்தையே தாண்டியிருக்கிறது. அவருக்கு 3,240ஐ அடிப்படையாக்கி, மீதி 360ஐ அடிப்படைச் சம்பளத்தில் சேராத தனிப்பட்ட தொகையாகக் கொடுப்பது ஏற்கத்தக்கது. போனஸ் அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் கணக்கிடப்படும் ஒப்பந்தமென்றால் அந்த 360க்குப் போனஸ் கிடைக்காது. அடுத்த ஒப்பந்தத்தில் அளவீடு உயரும்போது இந்தத் தொகை அதில் கரைக்கப்படுமா என்பதையும் அவருடைய மாற்றக் கடிதத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

என் தேர்வு, இரண்டாவது வழியை எவருக்கும் குறையாத அடிமட்டமாக வைத்து, ஒரே வகை வேலையில் கழித்த ஆண்டுகளுக்கு மட்டும், ஓர் உச்சவரம்புக்குள், கூடுதல் படி தருவது. அதோடு ஆண்டு உயர்வுத் தேதி பழையபடியே தொடரும் என்று எழுத வேண்டும். மாற்றமடைந்த நாளிலிருந்து புதிதாக எண்ணத் தொடங்கினால், அடுத்த உயர்வுக்காக அவர் கிட்டத்தட்ட ஓர் ஆண்டுகூட கூடுதலாகக் காத்திருக்க நேரும். கூட்டு ஒப்பந்தத்தின் காலம் குறைந்தது மூன்றாண்டு என்பதால், இந்த வரிகளைக் கையெழுத்துக்கு முன்பே சேர்த்துவிட வேண்டும்.